மதுரை வெயிலில் வீட்டு ஒயின் அறை: பூமிக்கு அடியில் தோண்டினால் 13 டிகிரி கிடைக்குமா?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். அழகர்கோவில் ரோட்டில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வீடு கட்டுகிறோம், இப்போதுதான் அஸ்திவாரத்துக்குக் குழி எடுத்திருக்கிறது, அதனால் இப்போது முடிவு எடுத்தால்தான் உண்டு. மச்சினன் பிரான்ஸில் வேலை பார்க்கிறான், ஊருக்கு வரும்போதெல்லாம் சட்டப்படி ஒரு ஆளுக்கு 2 லிட்டர்தானே, அதனால் 750 மில்லி பாட்டில் இரண்டு கொண்டுவருவான், கூட வருகிறவர்களும் ஆளுக்கு இரண்டு என்று சேர்ந்து சேர்ந்து, கல்யாணத்துக்கு வந்த பரிசுகளும் சேர்ந்து 40 பாட்டில் பக்கம் நிற்கிறது. பெரும்பாலும் சிவப்பு, கொஞ்சம் வெள்ளை, நாலைந்து நுரைக்கிற வகை. எல்லாம் இப்போது பெட்ரூம் பரணில் கிடக்கின்றன, மேலே மொட்டை மாடி, அவ்வளவுதான் சொல்வேன்.

என் யோசனை: படிக்கட்டுக்குக் கீழே 10 அடி ஆழத்தில் 8க்கு 8 அடியில் ஒரு நிலவறை. பிரான்ஸில் இப்படித்தான் மெஷின் எதுவும் இல்லாமல் வருஷம் முழுக்க 12, 13 டிகிரியில் நிற்கிறது என்று மச்சினன் சொல்கிறான், அவன் வேலை பார்க்கும் ஊரில் நேரிலேயே பார்த்திருக்கிறான். கொத்தனார் தண்ணீர் ஊறும் என்கிறார், இன்ஜினியர் செய்துவிடலாம் சார் என்கிறார். எவ்வளவு ஆழம் போனால் 13 டிகிரி வரும்? ஏசி இல்லாமல் முடியுமா?

குடிப்பது நல்லதா கெட்டதா என்பதற்கு வேறு இழை இருக்கிறது, இங்கே வேண்டாம்.

செல்லூர்க்காரன்

மதுரையில் மனுஷனுக்கே 13 டிகிரி கிடைக்கவில்லை, பாட்டிலுக்குக் கேட்கிறீர்களே அண்ணே. மண்பானையில் மணலைப் போட்டு, தண்ணீர் தெளித்து, பாட்டிலைப் புதைத்து வையுங்கள். எங்கள் அப்பத்தா மோரை அப்படித்தான் வைத்திருக்கும், பல் கூசும்.

கெமிஸ்ட்ரி டீச்சர்

ஆழத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், எதற்காக இந்த 13 டிகிரி என்பதைத் தெரிந்துகொண்டால் எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பாட்டிலுக்குள் இருக்கும் ஒயின் சும்மா இருப்பதில்லை. மெதுவாக ஆக்ஸிஜனோடும், தனக்குள்ளேயும் வினை புரிந்துகொண்டே இருக்கிறது. பொதுவாக 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் இரண்டு மடங்காகும் என்று பள்ளியில் சொல்லித்தருவோம், ஒயினில் எல்லா வினைகளும் ஒரே அளவில் வேகம் எடுப்பதில்லை என்பதுதான் சிக்கல். 13 டிகிரியில் பத்து வருஷத்தில் வருகிற பக்குவம் 33 டிகிரியில் இரண்டரை வருஷத்தில் வந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. பக்குவம் வராது, வெந்துபோன வாசனைதான் வரும். பழத்தின் மணம் போய், ஜாம் காய்ச்சிய மாதிரி ஒரு வாடை. வெள்ளை ஒயின் பழுப்பாகும்.

அடுத்தது கார்க். 750 மில்லி திரவம் 20 டிகிரியில் இருந்து 40க்குப் போனால் கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி அளவுக்கு விரியும். கழுத்தில் காற்றுக்கு இருக்கும் இடம் கொஞ்சம்தான், எனவே அழுத்தம் கூடி கார்க்கை வெளியே தள்ளும், ஓரமாகக் கசியும். ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தினமும் இது நடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் குறைந்த வெப்பம் என்பதோடு ஏற்ற இறக்கம் இல்லாத வெப்பம் என்றும் சொல்கிறார்கள். நிரந்தரமாக 17, 18இல் நிற்கும் அறை, பகலில் 12 இரவில் 22 என்று ஆடும் அறையைவிட எவ்வளவோ மேல்.

சுருக்கமாக, 12 முதல் 14 நல்லது. 18 வரை சில வருஷங்களுக்குப் பயமில்லை. 25க்கு மேல் ஒரு கோடை முழுக்க இருந்தால் நஷ்டம். 30க்கு மேல் பரண். ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் இருந்தால் கார்க் காயாது. கார்க் போட்ட பாட்டிலைப் படுக்க வையுங்கள், திருகு மூடிக்கு அது அவசியமில்லை. இருட்டு முக்கியம், நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் வரும் வெள்ளை ஒயின் வெயிலில் சில மணி நேரத்திலேயே கெட்டு, வெந்த முட்டைக்கோஸ் வாடை அடிக்கும்.

முதலில் பரணில் இருந்து அவற்றை இறக்குங்கள். இன்றைக்கே.

போர்வெல்காரர்

வைகைக்கரை எழுதியது: "எவ்வளவு ஆழம் போனால் 13 டிகிரி வரும்?"

எவ்வளவு ஆழம் போனாலும் வராது. இது என் தொழில் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

மார்கழி விடியற்காலையில் மோட்டார் போட்டு போர் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். அதே தண்ணீர் சித்திரை மத்தியானத்தில் ஜில்லென்று இருப்பது போலத் தோன்றும். தண்ணீர் மாறவில்லை, வெளியே இருக்கும் நம் உடம்புதான் மாறியிருக்கிறது. பூமிக்குள் சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே கோடையும் தெரியாது, குளிரும் தெரியாது, அந்த ஊரின் வருஷ சராசரி வெப்பம் என்னவோ அதை ஒட்டியே மண் நிற்கும். மதுரையில் அந்தச் சராசரி 28, 29 டிகிரி. அதனால் உங்கள் நிலவறை வருஷம் பூராவும் ஆடாமல் அசையாமல் 28இல் நிற்கும். ஆடாது என்பது நல்ல விஷயம்தான், ஆனால் அது தப்பான இடத்தில் ஆடாமல் நிற்கிறது. இன்னும் ஆழமாகப் போனால் பூமியின் சொந்தச் சூடு சேர்ந்து வெப்பம் கூடத்தான் செய்யும்.

பிரான்ஸில் ஷாம்பெயின் செய்யும் ரான்ஸ் நகரத்தில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த பழைய சுரங்க அறைகள் இருக்கின்றன, 2015இல் யுனெஸ்கோ பட்டியலிலேயே சேர்த்தார்கள். அங்கே உள்ளே 10, 12 டிகிரி. தோண்டியதால் வந்த குளிர் இல்லை அது. அந்த ஊரின் வருஷ சராசரியே அவ்வளவுதான், பூமி அதைச் சேர்த்து வைத்திருக்கிறது. நம் பூமி நம் வெயிலைச் சேர்த்து வைத்திருக்கிறது. மச்சினன் சொன்னது உண்மை, ஆனால் அந்த ஊருக்கு உண்மை.

நம் பக்கத்தில் அப்படி ஒரு அறை வேண்டுமென்றால் கொடைக்கானலில்தான் தோண்ட வேண்டும். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும், மதுரை கடல் மட்டத்தில் இருந்து 100 மீட்டர் சுமார், கொடைக்கானல் 2100 மீட்டர் சுமார். கழித்துப் பாருங்கள், 15 டிகிரி பக்கம் வரும்.

கொத்தனார் சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பக்கம் கண்மாய் நிறைந்தால் ஐப்பசி, கார்த்திகையில் 10 அடியில் நீர் கசிவது அதிசயமில்லை.

வைகைக்கரை

போர்வெல்காரர் அண்ணே, ஒரே பதிவில் குழியை மூடிவிட்டீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் நெல் போட்டு வைக்கும் உள் அறைக்குப் போனால் மே மாதத்தில்கூட சிலுசிலுவென்று இருக்கிறதே, அது எப்படி? தோண்டாவிட்டாலும் சுவரைக் கனமாகக் கட்டினால் ஆகாதா?

செட்டிநாட்டுப் பேரன்

நான் அந்த மாதிரி வீட்டில்தான் வளர்ந்தேன், அதனால் பதில் சொல்லத் தகுதி உண்டு. சிலுசிலுப்பு நிஜம். கனமான சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை, முற்றம் வழியாக மேலேறிப் போகும் சூடு, எல்லாம் சேர்ந்து பகல் வெயிலை உள்ளே வரவிடாமல் தாமதப்படுத்துகின்றன. வெளியே 39இல் நின்றுவிட்டு உள்ளே வந்தால் சொர்க்கம். ஆனால் அந்த உள் அறையில் அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டும் தெர்மாமீட்டரை மாட்டி வைத்துப் பார்த்திருக்கிறேன், கோடையில் 30ஐ ஒட்டியேதான் நிற்கும், கீழே இறங்காது. கனமான சுவர் என்பது பகலையும் ராத்திரியையும் கலந்து சராசரியாக்கித் தருகிற சாமான். ராத்திரியே 27 டிகிரி இருக்கும் ஊரில் சராசரி எங்கே இருந்து 13 ஆகும்? திருமலை நாயக்கர் மகால் தூணையே நாலு பக்கமும் நிறுத்தினாலும் இதே கதைதான்.

நெல்லுக்கும் மனுஷனுக்கும் 30 போதும். ஒயினுக்குப் போதாது.

குளிர் அறை மெக்கானிக்

காய்கறி, பூ, ஐஸ்கிரீம் குடோன்களுக்குக் கோல்ட் ரூம் போடுவது என் வேலை, மாட்டுத்தாவணி முதல் ஒட்டன்சத்திரம் வரை. ஒயினுக்கு என்று தனியாக எந்த மந்திரமும் கிடையாது, கேரட்டுக்குப் போடும் அறையைவிட இது சுலபம், ஏனென்றால் நாங்கள் 2 டிகிரிக்கு இறக்குவோம், உங்களுக்கு 14 போதும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் குளிர் தானாக வராது, செய்யத்தான் வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. இனி செய்த குளிர் எவ்வளவு மெதுவாக ஓடிப்போகிறது என்பதுதான் கேள்வி. உங்கள் 8 அடி அறையை எடுத்துக்கொள்வோம், நாலு சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்துப் பரப்பு 36 சதுர மீட்டர் வருகிறது. வெளியே 36, உள்ளே 14, வித்தியாசம் 22 டிகிரி. சாதாரண 9 அங்குலச் செங்கல் சுவராக விட்டால் 1500 வாட்டுக்கு மேல் சூடு இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதே அறைக்கு 100 மில்லிமீட்டர் பஃப் பேனல், அதாவது சூட்டைத் தடுக்கும் நுரைப் பலகை அடித்தால் 180 வாட். கரண்ட் கணக்கில் பார்த்தால், கடும் கோடையில் இரண்டு மாத பில்லுக்கு வெறும் சுவர் அறை 750 யூனிட் இழுக்கும், பஃப் அறை 90. கதவு திறப்பது, விளக்கு, ஃபேன் எல்லாம் சேர்த்து நிஜத்தில் 150, 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசி எந்தக் கம்பெனி, எத்தனை ஸ்டார் என்று கேட்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள், சுவரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. காசு போவது சுவர் வழியாக.

தோண்டினால் லாபமே இல்லையா என்று கேட்டால், கொஞ்சம் உண்டு. வெளியே 36க்குப் பதிலாக மண் 28 என்றால் வித்தியாசம் 22க்குப் பதில் 14 ஆகிறது, சுமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. ஆனால் தண்ணீர் புகாமல் இருக்கக் கீழே செய்யும் வேலைக்கு ஆகும் செலவில் தரைக்கு மேலேயே இன்னும் கனமான பேனல் போட்டு, அதே லாபத்தைப் பார்த்துவிடலாம், ஐப்பசியில் தூக்கமும் வரும்.

அடுத்தது ஈரம். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்று 23, 24 டிகிரிக்குக் கீழே எந்தப் பரப்பைத் தொட்டாலும் வியர்த்துக் கொட்டும். உங்கள் சுவர் உள்ளே 14. ஈரக்காற்று சுவருக்குள் நுழைந்து நடுவழியில் தண்ணீராகிவிட்டால் தெர்மாகோல் நனைந்து, பூஞ்சை பிடித்து, இரண்டு வருஷத்தில் அதை வைத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். அதனால் ஈரத்தைத் தடுக்கும் பாலிதீன் ஷீட் சூடான பக்கத்தில், அதாவது நமக்கு வெளிப்பக்கத்தில் வர வேண்டும். அறைக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தகரம் போர்த்திய பஃப் பேனல் என்றால் இந்தக் கவலை இல்லை, இணைப்புகளில் மட்டும் சிலிக்கான் ஒழுங்காகப் பூச வேண்டும். தரைக்கும் பேனல் போடுங்கள், எல்லோரும் மறப்பது தரையைத்தான்.

அப்புறம் ஏசி. சாதாரண வீட்டு ஏசி 16க்குக் கீழே இறங்காது, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சென்ஸாரை ஏமாற்றிக் கீழே இறக்கும் கருவிகள் உண்டு, ஆனால் காயிலில் ஐஸ் கட்டாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்தான் அதைச் செய்ய வேண்டும். தவிர, ஒரு டன் ஏசியின் சக்தி 3500 வாட், உங்கள் பஃப் அறைக்குத் தேவை 180. ஓடிய இரண்டாவது நிமிஷத்தில் நின்றுவிடும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். கம்ப்ரஸருக்கும் நல்லதில்லை, வெப்பமும் ஆடும்.

என்னைக் கேட்டால் 40 பாட்டிலுக்கு அறையே வேண்டாம். ஒரு நல்ல அலமாரி அளவு குளிர்பெட்டி போதும். 300, 400 பாட்டில் சேர்ந்த பிறகு என்னைக் கூப்பிடுங்கள், வந்து போட்டுத் தருகிறேன்.

செல்லூர்க்காரன்

நம்மிடம் வேலை வாங்க வேண்டாம் என்று சொல்லும் மெக்கானிக்கை இப்போதுதான் பார்க்கிறேன். இருந்தாலும் என் மண்பானைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

கெமிஸ்ட்ரி டீச்சர்

சொல்கிறேன் தம்பி. பானை குளிர்வது ஓரத்தில் கசியும் நீர் ஆவியாவதால். ஆவியாவது காற்றில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்று ஒரு மே மாத மத்தியானத்தை எடுத்துக்கொண்டால், ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் 26, 27க்குக் கீழே இறங்காது, பானையும் அவ்வளவுதான். வெட்டிவேர் தட்டி, டெசர்ட் கூலர் எல்லாவற்றுக்கும் இதே எல்லைதான். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் பானை சுத்தமாகக் கைவிட்டுவிடும். 38இல் இருந்து வரும் வாய்க்கு 26 என்பது பல் கூசுகிற குளிர்ச்சிதான், அப்பத்தா சொன்னது பொய்யில்லை.

திருநகர் வாசி

குளிர்பெட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு வகை உண்டு. ஒன்று நம் ஃப்ரிட்ஜ் மாதிரி கம்ப்ரஸர் போட்டது. இன்னொன்று கம்ப்ரஸர் இல்லாமல், சின்னச் சின்னத் தகட்டில் கரண்ட் விட்டு ஒரு பக்கத்தைக் குளிரவைப்பது, பெல்டியர் என்பார்கள். சத்தம் வராது, அதிராது, பார்க்க அழகு, விலையும் குறைவு. கடைக்காரர் அதைத்தான் எனக்குத் தலையில் கட்டினார், 12 டிகிரி வரை போகும் சார் என்று. போகும், கடையில் 24 டிகிரி ஏசியில் இருந்தால் போகும். அந்த வகையால் வெளியே இருப்பதைவிட 15, 20 டிகிரிதான் குறைக்க முடியும், அதுவும் நல்ல பெட்டியாக இருந்தால். ஹாலில் 36 இருக்கும்போது உள்ளே 20க்கு மேல்தான் நின்றது, ஃபேன் ஒரு நொடி நிற்காமல் சுற்றிக்கொண்டே. திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அதில் சாக்லேட் இருக்கிறது.

அதனால் கம்ப்ரஸர் வகைதான். அதிலும் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வெப்ப வகுப்பு என்ன என்று பாருங்கள். என் (N) என்ற எழுத்து இருந்தால் 32 டிகிரி வரை, எஸ்டி (ST) என்றால் 38 வரை, டி (T) என்றால் 43 வரை வெளிவெப்பத்தில் வேலை செய்யும் என்று அர்த்தம். மதுரைக்கு டி. இதைச் சொல்லிக் கேட்டால் பாதி விற்பனையாளர்களுக்குத் தெரியாது, நீங்களே குனிந்து பாருங்கள்.

இன்னொன்று, 46 பாட்டில் பெட்டி என்று எழுதியிருந்தால் அது ஒல்லியான போர்தோ பாட்டில் கணக்கு. தோள் அகன்ற பர்கண்டி பாட்டிலும் ஷாம்பெயின் பாட்டிலும் வைத்தால் 35ஐத் தாண்டாது. 40 இருக்கிறது என்றால் 60 பாட்டில் அளவு பாருங்கள்.

குளிர் அறை மெக்கானிக்

திருநகர் சார் சொன்னது அத்தனையும் சரி. கூடுதலாக ஒன்று, பெட்டியைச் சுவருக்குள் அலமாரி மாதிரி செதுக்கி உள்ளே தள்ளிவிடாதீர்கள், முன்பக்கம் காற்று விடும் மாடலாக இருந்தால் ஒழிய. சூடு வெளியேற இடம் இல்லாவிட்டால் தன் சூட்டிலேயே வெந்துகொண்டு ஓடும். கண்ணாடிக் கதவு இரண்டு அடுக்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்த்திகை மாதம் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருப்பீர்கள்.

வண்டியூர் எலெக்ட்ரானிக்ஸ்

செலவைக் குறைக்க நினைக்கிறவர்களுக்கு: நன்றாக ஓடுகிற பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் போதும். எஸ்டிசி 1000 என்று ஒரு டிஜிட்டல் கன்ட்ரோலர் கிடைக்கிறது, விலை மலிவு. ஃப்ரிட்ஜின் பிளக்கை அதன் வழியாகக் கொடுத்துவிட்டு, சென்ஸாரை உள்ளே விட்டு 13 என்று வைத்தால், 14 ஆனதும் போடும், 13 ஆனதும் அணைக்கும். ஃப்ரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை அதிகக் குளிரில் வைத்துவிடுங்கள், அது குறுக்கே வராது. கம்ப்ரஸர் நின்றவுடன் மறுபடி ஓடாமல் இருக்கத் தாமதம் வைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது, 5 நிமிஷமாவது வையுங்கள். சென்ஸாரைக் காற்றில் தொங்கவிடாமல் தண்ணீர் நிறைந்த பாட்டிலுக்குள் விட்டால், கதவைத் திறந்ததற்கெல்லாம் பதறாது, ஒயின் என்ன வெப்பத்தில் இருக்கிறதோ அதையே படிக்கும். வயரிங் தெரியாதவர்கள் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். ஸ்டெபிலைசரும் போட்டுவிடுங்கள்.

ஒரு குறை, இப்படி ஓடும் ஃப்ரிட்ஜுக்குள் ஈரம் தங்கும், லேபிளில் பூஞ்சை வரும். ஒயினுக்கு ஒன்றும் ஆகாது, பார்க்க மட்டும் சகிக்காது.

வைகைக்கரை

இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் வீட்டு அம்மணி புது வீட்டு ஹாலில் பழைய ஃப்ரிட்ஜா என்று ஒரு பார்வை பார்த்தாள். சரி, பெட்டி என்றே வைத்துக்கொள்வோம். கரண்ட் போனால்? மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போனால் சாயங்காலம்தான் வருகிறது எங்கள் பக்கம். இன்வெர்ட்டரில் கொடுக்க வேண்டுமா?

குளிர் அறை மெக்கானிக்

நிறைந்த பெட்டிக்குப் பயப்பட வேண்டாம். 28 பாட்டில் உள்ள பெட்டி என்றால் மூடிய கதவோடு மணிக்கு ஒரு டிகிரி கூடும், முதல் சில மணி நேரத்துக்கு. நாலு மணி நேரம் போனால் 13 என்பது 17 ஆகும், வருஷத்தில் சில தடவைதானே, ஒயின் கண்டுகொள்ளாது. எட்டு மணி நேரம் போனால்தான் யோசிக்க வேண்டும். அதற்கும் இன்வெர்ட்டர் வேண்டாம், காலியாக இருக்கும் தட்டுகளில் எல்லாம் தண்ணீர் பாட்டிலை நிரப்பி அடுக்கிவிடுங்கள். தண்ணீரைப் போலச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள் வேறு சுலபத்தில் கிடைக்காது. முக்கியமாக, கரண்ட் போன பிறகு உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

மலைமேல்

கொடைக்கானல் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இங்கே வடக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில், மண்ணை ஒட்டிய சுவர் பக்கம், எந்த மெஷினும் இல்லாமல் கோடையில்கூட 17ஐத் தாண்டுவதில்லை. மதுரைக்காரர்கள் இங்கே வீடு வைத்திருந்தால் அதுதான் சரியான இடம். ஈரம்தான் எங்கள் பிரச்சினை, லேபிள் எல்லாம் ஊறி உரிந்துவிடும், அதனால் பாட்டிலில் மெல்லிய பிளாஸ்டிக் சுற்றி வைக்கிறேன்.

ஆனால் மலைக்கு ஏற்றும்போது கவனம். மதியம் பன்னிரண்டு மணிக்கு வத்தலக்குண்டில் காரை வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் உள்ளே 60 டிகிரியைத் தொடும், அந்த ஒரு மணி நேரத்தில் மொத்தக் காரியமும் கெட்டுவிடும். விடியற்காலையில் கிளம்புங்கள்.

கெமிஸ்ட்ரி டீச்சர்

இதோடு இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். வீட்டில் எவ்வளவு மது வைத்திருக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் சட்டப்படி வரம்பு உண்டு. 40, 60 என்று போகும்போது அதை ஆயத்தீர்வை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, தேவைப்படும் அனுமதியை வாங்கிவிட்டு அடுக்குங்கள். பில், சுங்க ரசீது எல்லாம் பத்திரம்.

கம்பம் பள்ளத்தாக்கு

இழை முழுக்கப் படித்தேன், எல்லோரும் எப்படி வைப்பது என்றே பேசுகிறீர்கள், எதை வைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. உலகத்தில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி வாங்கி ஓரிரண்டு வருஷத்தில் குடிப்பதற்குச் செய்தவை. வைத்தால் ஏறும் ஒயின் மிகக் கொஞ்சம். 40 பாட்டிலையும் தரையில் பரப்பிப் பிரியுங்கள் அண்ணே.

வெள்ளை, ரோஸ், சாதாரண நுரைக்கிற வகை, திருகு மூடி போட்ட விலை குறைந்த சிவப்பு, இவை எல்லாம் இந்த வருஷமே தீர வேண்டியவை, சாதாரண ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் சில மாதம் படுத்துக் கிடந்தால் ஒன்றும் ஆகாது. 4 டிகிரி என்பது ஒயினைக் கெடுக்காது, வருஷக்கணக்கில் வைத்தால்தான் உலர்ந்த காற்றில் கார்க் காயும். ஃப்ரீசரில் மட்டும் மறந்து வைக்காதீர்கள், மைனஸ் 5, 6இல் உறைந்து விரிந்து கார்க்கைத் தள்ளிவிடும். நல்ல ஊர், நல்ல வருஷம் என்று மச்சினன் சொல்லிக் கொடுத்த கனமான சிவப்பு, இனிப்பு ஒயின், இவற்றுக்குத்தான் குளிர்பெட்டி. போர்ட் மாதிரி ஸ்பிரிட் சேர்த்தது எதுவும் இருந்தால் அது கொஞ்சம் முரடு, தாங்கும். போர்ச்சுகல்காரர்களின் மதீரா என்று ஒன்று இருக்கிறது, அதை 45, 50 டிகிரியில் மூன்று மாதம் வேண்டுமென்றே சூடாக்கித்தான் செய்கிறார்கள், கப்பலில் வெயில் கடல் தாண்டிப் போய் ருசி ஏறியதைப் பார்த்துப் பிடித்த வழி. பரணில் வைக்க ஏற்ற ஒயின் உலகத்திலேயே அது ஒன்றுதான் போல.

குளிர் என்ன செய்யும் என்பதற்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. 2010இல் பால்டிக் கடலில் ஓலண்டு தீவுகள் பக்கம், 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலில் 168 ஷாம்பெயின் பாட்டில்கள் எடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. 2 முதல் 4 டிகிரி, கும்மிருட்டு. சில பாட்டில்கள் இன்னும் குடிக்கிற நிலையில் இருந்தன.

எங்கள் ஊர் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியும்தானே, அதைப் பழமாகவே சாப்பிடுங்கள், அதற்கு எந்த அறையும் வேண்டாம்.

செல்லூர்க்காரன்

பிரித்த பிறகு இந்த வருஷமே தீர வேண்டிய கணக்கில் உதவி தேவைப்பட்டால் நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

வைகைக்கரை

பிரித்துவிட்டேன். வைக்க வேண்டியவை பதினைந்துகூட இல்லை. இரண்டு பாட்டிலில் கார்க் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஒன்றில் லேபிள் பக்கம் கசிந்து ஒட்டுகிறது. அவற்றை என்ன செய்வது?

அறைத் திட்டத்தை விட்டாயிற்று, இன்ஜினியருக்குத்தான் கொஞ்சம் வருத்தம். படிக்கட்டுக்குக் கீழே கிழக்குப் பக்கம் கம்ப்ரஸர் பெட்டி, டி வகுப்பு, 40 பாட்டில் அளவு. மேற்குச் சுவர் பக்கம் வைக்கலாமா என்று அம்மணி கேட்கிறாள், அங்கேதான் சாப்பாட்டு மேஜை வருகிறது. அப்புறம் சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே, பெட்டியில் இருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தானே ஊற்ற வேண்டும்?

கெமிஸ்ட்ரி டீச்சர்

கார்க் தூக்கியவை சூடு பட்டவை. கெட்டேவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் இனி வைத்துப் பயனில்லை, முதலில் அவற்றைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வெந்த ஜாம், வினிகர் வாடை இருந்தால் சமையலுக்குக்கூட வேண்டாம், கொட்டிவிடுங்கள். உடம்புக்கு விஷம் ஒன்றும் ஆகியிருக்காது, ருசிதான் போயிருக்கும்.

அறை வெப்பம் என்று எழுதியவர் மதுரை ஹாலைப் பார்த்தவரில்லை. சிவப்புக்கு 16 முதல் 18. 13இல் இருக்கும் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தால் நம் ஊரில் கால் மணி நேரத்தில் அங்கே வந்துவிடும், அரை மணி நேரம் விட்டால் தாண்டிவிடும். குடித்தது போக மிச்சத்தை, சிவப்பானாலும், மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் முதல் ஐந்து நாள் வரை தாங்கும்.

குளிர் அறை மெக்கானிக்

மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம் தம்பி. சாயங்கால வெயில் முழுக்க அதில்தான் விழுகிறது, செங்கல் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணி வரை உள்ளே விடும், பெட்டிக்குப் பின்னால் கம்ப்ரஸர் மூச்சு விடும் இடமே அடுப்பாகிவிடும். அம்மணியிடம் சாப்பாட்டு மேஜையை வேண்டுமானால் கிழக்கே மாற்றச் சொல்லுங்கள், அது என் வேலையில்லை.

பெட்டி வந்ததும் முதல் நாளே பாட்டிலை அடுக்காதீர்கள். வண்டியில் வந்த பெட்டியை நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும், கம்ப்ரஸர் ஆயில் கீழே இறங்கட்டும். அப்புறம் தண்ணீர் பாட்டிலை மட்டும் வைத்து ஓட்டி, உள்ளே ஒரு தெர்மாமீட்டரைத் தண்ணீரில் போட்டு, மேல் தட்டிலும் கீழ் தட்டிலும் பாருங்கள், மேலே இரண்டு டிகிரி கூட இருப்பது சகஜம். வெள்ளையைக் கீழே, சிவப்பை மேலே வைத்தால் அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். கதவு ரப்பரில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போகிறது, டெலிவரி ஆள் கிளம்புவதற்கு முன்பே சொல்லி மாற்றிவிடுங்கள்.